குழியைத் திறக்கும் காட்சி

அந்தப் படத்தைப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்கள் வீட்டில் யார்மேல் பிழை என்று பலவிதமாகக் கதைத்துக்கொண்டோம். ஒவ்வொரு விதத்திலும் நான் கொஞ்சம் தப்பித்துக்கொண்டேன். எழுதும்போதாவது தப்பிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

பழங்கால மாயா உலகத்தில் நடக்கும் படம் அது. தலைகள் உருளும், நெஞ்சைக் கிழிப்பார்கள், இரண்டு மணி நேரமும் யாரோ ஒருவர் ஓடிக்கொண்டே இருப்பார். மெல்பேர்னில் படிக்கும் என் மகள்தான் அதைப் பார்க்கச் சொன்னாள். "அப்பா, யூ வில் லவ் இட். ஒரு இங்கிலிஷ் வேர்ட்கூட இல்லை," என்றாள். படத்தில் எல்லோரும் மாயா மொழியில்தான் பேசுவார்கள், ஆங்கிலம் கீழே எழுத்தாக மட்டும் ஓடும். மொழி என்றால் அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

என் தொழில் அப்படி. சிட்னியில் ஆஸ்பத்திரிகள், நீதிமன்றங்கள், குடிவரவு விசாரணைகள் என்று எங்கெல்லாம் ஒரு தமிழரும் ஒரு வெள்ளைக்காரரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியாமல் முழிக்கிறார்களோ, அங்கெல்லாம் நடுவில் உட்கார்ந்து வாயால் மொழிபெயர்ப்பவன் நான். இருபது வருடமாகச் செய்கிறேன். இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒன்றையும் கூட்டக்கூடாது, ஒன்றையும் குறைக்கக்கூடாது, பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும். அந்தக் கணக்கில் நான் மனைவிக்கு அடித்திருக்கிறேன், எனக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது, இரண்டு தடவை பிள்ளையும் பெற்றிருக்கிறேன். "அவர் என்ன சொல்லுறார் எண்டால்" என்று இழுக்கிற அரைகுறைகளை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. என் நேர்மையில் எனக்கு அவ்வளவு திமிர்.

இந்தத் தொழிலில் இன்னொரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. கதையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காது தானாகவே தேடும். அது என் வேலை அல்ல, விசாரிக்கிற அதிகாரியின் வேலை. ஆனாலும் நாய்க்கு மணம் பிடிப்பதுபோல் எனக்கு அது பிடித்துவிடும்.

எங்கள் வீடு சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் இருக்கிறது. பின்வளவில் ஒற்றை அறையும் குசினியுமாக ஒரு சிறிய வீடு கட்டியிருக்கிறோம். அதில் என் மனைவியின் தம்பி இருந்தான். படகில் வந்தவன். பல வருடம் தற்காலிக விசாவில் இழுபட்டு, முதுகில் இருந்த தழும்புகளைக் காட்டி, கடைசியில் நிரந்தர விசா எடுத்துவிட்டான். கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அதிகம் பேசமாட்டான். அவன் பேசாமல் இருப்பதே எங்கள் வீட்டில் ஒரு பெரிய மரியாதைக்குரிய விஷயமாக இருந்தது. ஹோலில் யன்னலோரம் இருக்கும் கதிரை அவனுடையது. அதில் நான் இருந்தால் மனைவி ஒரு பார்வை பார்ப்பாள், நான் எழும்பிவிடுவேன். முதல் அகப்பைச் சோறும் அவனுக்குத்தான். நான் படிக்க வந்து இங்கேயே தங்கியவன், போரைத் தொலைக்காட்சியில் பார்த்தவன். என் வீட்டிலேயே எனக்கு வாய் திறக்க உரிமை குறைந்துவிட்டதுபோல் இருந்தது. எனக்கு அவன்மேல் எரிச்சல் இருந்தது. இதை அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவனுடைய மனைவி போரின் கடைசி மாதங்களில் காணாமற் போனவள். ஆமி அவளை வேறு சனத்தோடு ஒரு பஸ்ஸில் ஏற்றியதைத் தூரத்தில் நின்று கண்டதாகத்தான் அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அவளுடைய தாய் இன்னும் ஊரில் இருக்கிறார். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. கிளிநொச்சியில் வீதியோரம் தறப்பாள் போட்ட ஒரு கொட்டிலில், பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு, மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெயில் மழை என்றில்லை, ஒவ்வொரு நாளும் போவார். அந்தப் படம் கலியாண ஆல்பத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது. மகளுக்குப் பக்கத்தில் என் மச்சானின் தோள் பாதி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பூசை முடிய, எங்களுக்கு மத்தியானம் ஆகும். அப்போது என் மனைவியின் போனுக்கு அவர் அழைப்பார். எல்லோரையும் சுகம் கேட்பார். கடைசியில் மருமகனைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தம்பி, அந்த பஸ்ஸின்ர நம்பர் ஏதும் ஞாபகம் வந்ததே?"

"இல்லை மாமி. இன்னும் வரேல்லை."

"சரி ராசா. யோசிச்சுப் பாருங்கோ."

நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கார்த்திகை மாதம் ஆத்துமாக்களின் திருநாளுக்கு, செத்துப்போன நம்முடைய ஆட்களின் பெயர்களைக் கடுதாசியில் எழுதிக் கோயிலில் கொடுப்போம், பூசையில் வைத்து மன்றாடுவார்கள். அவளுடைய பெயரை அதில் ஒருநாளும் எழுதியதில்லை. அவள் பெயர் சுகத்துக்காக மன்றாடும் கடுதாசியில், உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் போகும். ஒருமுறை என் மனைவி, தம்பிக்கு வயது போகிறதே, வேறு ஒரு பெண் பார்ப்போமா என்று அந்தத் தாயிடம் மெதுவாகக் கேட்டாள். "என்ர பிள்ளை உயிரோட இருக்கேக்க அவருக்கு என்னெண்டு இன்னொரு கலியாணம்?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, குளிர் காரணமாக எங்கும் போக மனமில்லாமல் நாங்கள் மூவரும் ஹோலில் இருந்தோம். மனைவி ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்து வைத்தாள். நான் படத்தைப் போட்டேன்.

"இதென்ன பாஷை அத்தான்?" என்று மச்சான் கேட்டான். கீழே ஓடும் ஆங்கிலத்தை அந்த வேகத்தில் அவனால் வாசிக்க முடியாது.

"மாயா ஆக்களின்ர பாஷை. நீ சும்மா இரு, நான் சொல்லுறன்," என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு சனிக்கிழமையாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பழக்கதோஷம் விடவில்லை. எழுத்து ஓடஓட நான் அவர்களுக்குத் தமிழில் சொன்னேன், அதுவும் எங்கள் பேச்சிலேயே சொன்னேன். பச்சைக்கல் பதித்த பல்லோடு வந்த அரசன் எங்கள் பங்குக் கோயில் சபைத் தலைவரைப்போல் பேசினான். "மழை பெய்யேல்லை எண்டால் அதுக்கு நானே பொறுப்பு? ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ!" என்று நான் கத்த, மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

கதை சிக்கலானதல்ல. கடற்கரையில் உப்புக் காய்ச்சும் ஒரு சிறிய ஊர். மழை பொய்த்துப்போன ஒரு பெரிய நகரத்திலிருந்து பலி கொடுக்க ஆள் பிடிக்க வருகிறார்கள். கிழவர்களை அந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். இளந்தாரிகளைக் கழுத்தில் தடி கட்டி வரிசையாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். கோபுரத்தின் உச்சியில் உடம்பெல்லாம் நீலம் பூசி, கல்லில் கிடத்தி, நெஞ்சுக்குள் கையை விடுகிறார்கள். படியில் தலைகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தபோது நான் மூன்றாவது ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் அசையாமல் பார்த்தான். நாள் முழுக்கக் கோழி வெட்டுகிறவனுக்கு இது என்ன என்று நான் நினைத்தேன். அதைச் சொல்லியும் சிரித்தேன்.

இதற்கெல்லாம் முன்னால், ஊரை வளைக்கும் காட்சியில், கதாநாயகன் தன் மனைவியை ஒரு குழிக்குள் இறக்குவான். தானியம் போட்டு வைக்கப் பாறையில் வெட்டிய குழி. அவள் வரமாட்டேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். அவன் கையை விடுவித்து, மேலே ஒரு பெரிய பலகைக்கல்லை இழுத்து மூடுவான். மூடுமுன் சொல்வான், திரும்பி வருவேன் என்று. நான் அதையும் எங்கள் வழக்கப்படியே சொன்னேன்.

"பயப்பிடாதை. நான் போட்டு வாறன்."

வாசலைத் தாண்டும்போது நாமெல்லாம் சொல்வதுதானே. போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. மச்சான் அப்போது சிரிப்பை நிறுத்தியிருந்தான் என்று இப்போது நினைவு வருகிறது. அந்த நேரத்தில் அது என் கண்ணில் படவில்லை. நான் என் வித்தையில் மூழ்கியிருந்தேன்.

படத்தின் கடைசிப் பாதி முழுக்க ஓட்டம். கோபுரத்தின் உச்சியில் இன்னொரு கைதி பூசாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படிகளில் உருள, அந்தக் குழப்பத்தில் கதாநாயகன் தப்பிவிடுகிறான். இரவு பகலாக ஓடுகிறான். துரத்தி வருகிறவர்களைப் பொறியில் விழுத்தியும், கல்லால் மண்டையை உடைத்தும் கொல்கிறான். ஒருவழியாக, குழியை மூடிய மூன்றாம் நாள் எரிந்துபோன ஊருக்கு வந்து, குழியைத் தேடி, நகம் பிய்ய அந்தக் கல்லை இழுக்கிறான். இசை மெல்ல எழுகிறது. இருட்டுக்குள்ளிருந்து அவளுடைய கை மேலே வருகிறது. சுத்தமான, அழகான கை. அவன் அதைப் பற்றிக்கொள்கிறான். அவள் உயிரோடு இருக்கிறாள்.

மனைவி கண்ணைத் துடைத்தாள். "அப்பாடா," என்றாள்.

"பொய்," என்றான் மச்சான்.

"என்னடா பொய்?" என்று கேட்டேன்.

"மூண்டு நாளைக்குப் பிறகு திறந்தா கை அப்பிடி இராது."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான், தொழில் தெரிந்தவன் ஒரு பிழையைத் திருத்துவதுபோல். மனைவி தட்டுகளை எடுக்கத் தொடங்கியிருந்தாள். அதோடு விட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் காது விடவில்லை.

"உனக்கெப்பிடித் தெரியும்?" என்றேன்.

அவன் தன் தட்டை எடுத்துத் தமக்கையிடம் நீட்டினான்.

"எந்தக் குழியை மூண்டு நாளைக்குப் பிறகு திறந்தனி?"

"விடுங்கோவன் அப்பா," என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

நான் விடவில்லை. இருபது வருடம் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் விதத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். குரலை உயர்த்தமாட்டார்கள். ஒரே கேள்வியை மூன்று பக்கத்திலிருந்து கேட்பார்கள். நானும் அப்படியே கேட்டேன். பஸ்ஸைக் கண்டது எந்த இடத்தில்? காலையா, பின்னேரமா? அதற்கு முதல்நாள் நீ எங்கே நின்றாய், அவள் எங்கே நின்றாள்? பஸ் என்ன நிறம்? அவன் ஒரு நிறம் சொன்னான். முந்தி ஒருமுறை வேறு நிறம் சொல்லியிருந்தான். அதைச் சுட்டிக்காட்டினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

ஆறாவது கேள்வியோ ஏழாவது கேள்வியோ, அவன் தன் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"பஸ் இல்லை அத்தான்," என்றான்.

மனைவி தட்டுகளோடு அப்படியே நின்றாள்.

"கஞ்சி குடுக்கினம் எண்டு சொன்னாங்கள். அவவுக்கு நடக்க ஏலாது, காய்ச்சல். பங்கருக்குள்ள இருத்திப்போட்டு, ஷெல் சிதறல் படாமல் இருக்கட்டும் எண்டு மேல மரக்குத்தியையும் மண்மூட்டையையும் இழுத்து மூடினனான். போட்டு வாறன் எண்டு சொன்னனான். வரிசையில நிக்கேக்க ஷெல் விழத் தொடங்கிட்டுது. சனம் ஓடிச்சு. நானும் ஓடினனான்."

"பிறகு?"

"திரும்பிப் போகேல்லை."

"ஏன்?"

"பயம்."

"எத்தினை நாள்?"

"மூண்டு."

"மூண்டு நாளும் என்ன செய்தனி?"

இந்தக் கேள்விக்கு ஒரு தேவையும் இல்லை. எந்த அதிகாரியும் இதைக் கேட்டிருக்கமாட்டார்.

"வேறை ஆக்களின்ர பங்கருக்குள்ள இருந்தனான். கஞ்சி குடிச்சனான்."

பிறகு மீதியைக் கேட்காமலே சொன்னான். மூன்றாம் நாள் போனபோது பக்கத்தில் ஷெல் விழுந்து, அந்தப் பதுங்குகுழியின் வாசல் சரிந்து, எல்லா இடமும் ஒரே மண்ணாக இருந்ததாம். எது தங்கள் பங்கர் என்று தெரியவில்லையாம். சாக்கு இல்லாத காலம், எல்லோரும் சேலைகளை மூட்டையாகத் தைத்துத்தான் மண் நிரப்பினார்கள். அவள் தன் கலியாணக் கூறைச் சேலையைத் தைத்திருந்தாள். சேலையின் சிவப்பு நிறம் மண்ணுக்குள்ளிருந்து தெரிந்ததாம். அதை வைத்துத்தான் கிண்டினானாம்.

"உள்ளுக்கயிருந்து பறண்டிக்கொண்டு வந்திருக்கிறா. ஒரு கை மேல வந்திருந்தது. நகம் ஒண்டும் இல்லை. நான் திரும்பவும் மூடிப்போட்டு வந்திட்டன்."

அப்போது நான் சொன்னேன். என் வீட்டு சோபாவில் இருந்துகொண்டு, விரலில் ரோல்ஸ் எண்ணெயோடு சொன்னேன்.

"அண்டைக்கே திரும்பிப் போயிருந்தா அவ உயிரோட இருந்திருப்பா."

"ஓம் அத்தான்," என்றான்.

போர் முடிந்து அவனை அடைத்திருந்த முகாமில், முட்கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று அவளுடைய தாய், என்ர பிள்ளை எங்கை என்று கத்திக் கேட்டாராம். செத்துப்போனாள் என்று சொன்னால், நீ அப்போது எங்கே நின்றாய் என்ற கேள்வி வரும். அதனால் பஸ் என்ற சொல் தானாக வாயில் வந்ததாம். அவனாகச் சொன்னது அந்த ஒருமுறைதானாம். அதற்குப் பிறகு மற்றவர்கள்தான் அந்த பஸ்ஸை ஓட்டினார்கள். தாய் அதை மனுக்களில் எழுதினார், வந்துபோன அதிகாரிகள் எல்லோரிடமும் சொன்னார்.

என் மனைவி தட்டுகளை மேசையில் வைத்தாள். தம்பிக்குப் பக்கத்தில் நிலத்தில் போய் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எனக்கோ கோபம் பொங்கியது. அந்த மனுசி ஒவ்வொரு நாளும் படத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் இருக்கிறாரே, இவனும் ஒவ்வொரு ஞாயிறும் ஞாபகம் வரேல்லை மாமி என்று பால் குடிக்கிற பிள்ளைபோலச் சொல்கிறானே என்று பொரிந்து தள்ளினேன். நாளைக்கே உண்மையைச் சொல்லவேண்டும் என்றேன். இல்லையென்றால் இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. சுகம் கேட்டார், மழை பெய்ததாகச் சொன்னார், மருமகனைக் கேட்டார். போன் மேசையில் ஸ்பீக்கரில் இருந்தது.

"தம்பி, அந்த பஸ்ஸின்ர நம்பர் ஏதும் ஞாபகம் வந்ததே?"

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் வந்து வந்து போனது. நான் போனை என் பக்கம் இழுத்தேன். அவர் சார்பில் நான் சொல்லுறன் அம்மா என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னேன்.

"பஸ் இல்லை. நான் பொய் சொன்னனான். நான் அவவைப் பங்கருக்குள்ள வைச்சு மூடிப்போட்டுப் போனனான். நான் மூண்டு நாளாத் திரும்பிப் போகேல்லை."

ஒன்றையும் கூட்டவில்லை. கை, நகம் எதையும் குறைக்கவுமில்லை. அவன் என் எதிரில் இருந்து, தன்னுடைய 'நான்' என் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நடுங்காத குரலில், தெளிவாக, ஒரு திக்கல் இல்லாமல் சொல்லி முடித்தேன். நல்ல வேலை செய்தேன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்தப் பக்கம் யாரோ வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் பேசினார். அழவில்லை.

"அப்ப நாளைக்கு நான் எங்கை போய் இருக்கிறது?"

அதற்கு மொழிபெயர்ப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தார்.

மச்சான் அந்தக் கிழமையே மெல்பேர்னுக்குப் போய்விட்டான். ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் வேலை, நாலு பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறான். நான் போகச் சொல்லவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல நாள் கழித்து, உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நீங்கள் அண்டைக்கு உண்மை சொல்லேல்லை. உங்கட வேலையைச் செய்தனீங்கள்."

எனக்கு மூக்கில் குத்தியதுபோல் இருந்தது. சண்டை பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். பிறகு கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடியில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. மனைவி அழைத்தாலும் எடுக்கவில்லை. ஊரில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி அந்தக் கொட்டிலின் படம் ஒன்றை அனுப்பினாள். அவர் முன்வரிசையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே படம். அரைத் தோளும் அப்படியே இருந்தது. தான் கேட்டதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை என்பது எங்களுக்கு விளங்கியது.

கார்த்திகையில் ஆத்துமாக்களின் திருநாள் வந்தது. மனைவி குசினி மேசையில் கடுதாசியை வைத்துத் தன் தகப்பன், தாய், மாமன் என்று ஒவ்வொரு பெயராக எழுதினாள். கடைசியாகத் தம்பி மனைவியின் பெயரை எழுதினாள். அதே கிழமை ஊரில் அந்தத் தாய், மகள் சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று பூசை ஒப்புக்கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது. மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள், கை ஈரம். நான்தான் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"தம்பியே? சுகமா இருக்கிறியளே?" என்றார். "பிள்ளை மெல்பேர்னில சுகமே? அங்கை குளிரோ?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மகளைப் பற்றி, வேலையைப் பற்றி, சிட்னி வெயிலைப் பற்றிக் கேட்டார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"மருமகன் உங்களோட கதைக்கிறவரே?"

"ஓம் அம்மா. இடைக்கிடை கதைக்கிறவன்."

அது பொய். அவன் என்னோடு பேசுவதில்லை.

"அப்ப அவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. அந்த பஸ்ஸின்ர நம்பர் ஏதும் ஞாபகம் வந்ததே எண்டு."

மனைவியின் கத்தி நின்றது. அவர் எல்லாவற்றையும் கேட்டவர். கையையும் நகத்தையும் என் வாயாலேயே கேட்டவர். மறந்துபோய்க் கேட்கவில்லை, புத்தி பேதலித்தும் கேட்கவில்லை. நாளைக்குப் போய் இருக்க ஒரு இடம் வேண்டும் என்று கேட்டார். அதைப் பிடுங்கியவன் நான், அதனால் என்னிடமே கேட்டார்.

"கேட்டனான் அம்மா," என்றேன். "இன்னும் ஞாபகம் வரேல்லையாம்."

"பஸ்ஸுக்குப் பிறத்தால எழுதியிருக்கும்," என்றார். "ஆறுதலா யோசிக்கச் சொல்லுங்கோ."

"சொல்லுறன் அம்மா," என்றேன்.